தலையணையும் கையுமாக

நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் நேற்று சாயங்காலம் வாசலில் தலையணையோடு நின்றாள். மூன்றாம் மாடித் தோழிக்குப் பிறந்தநாளாம், ராத்திரி அங்கேயே தூங்க வேண்டுமாம். "எல்லாரும் வர்றாங்கப்பா, நான் மட்டும்தான் இல்ல."

அந்த வயதில் கோடை விடுமுறை முழுக்கப் பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேரோடு பாய் விரித்துத் தூங்கியவன் நான். அந்தக் காலம் பத்திரமானது என்று சொல்ல வரவில்லை. 2007-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட, 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். உறவுக்காரர் வீடு என்றால் யோசிக்காமல் அனுப்புகிறோம், தோழி வீட்டுக்கு மட்டும் ஆயிரம் கேள்வி. இது எந்த ஊர் நியாயம்?

சரி, கேட்டுவிடுவோம் என்று மேலே போனேன். வீட்டில் யார் யார் இருப்பார்கள், பிள்ளைகள் எந்த அறையில் படுப்பார்கள்? கேட்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. தோழியின் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நானா இருந்தாலும் கேட்பேங்க" என்றார்.

மகளிடம் ஒன்றுதான் சொன்னேன். பிடிக்காதது எது நடந்தாலும், எந்நேரமானாலும் போன் செய், திட்ட மாட்டேன்.

ராத்திரி பதினொன்றரைக்குப் போன். பதறி எடுத்தால், "அப்பா, என் போர்வை இல்லாம தூக்கம் வரல."

லுங்கியோடு மூன்று மாடி ஏறினேன். போர்வையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.