கண்ணாடிக்குள் ஒரு குண்டின் தடம்: நாஃப்பிளியோவில் மூன்று நாட்கள்

ஏதென்ஸிலிருந்து கிரேக்கத்தின் பழைய துறைமுக நகரான நாஃப்பிளியோவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்தது. பாறையை நேர்க்கோட்டில் வெட்டி 1893இல் திறந்த கொரிந்து கால்வாயை ஒரு நொடியில் தாண்டினோம். அதன்பின் மலைகளும், ஆர்கோலிஸ் சமவெளியின் ஆரஞ்சுத் தோப்புகளும் மாறி மாறி வந்தன. தோப்புகள் முடியும் இடத்தில், கடலை ஒட்டி எழுந்து நின்ற ஒரு குன்றும் அதன் உச்சியில் வளைந்தோடும் கோட்டைச் சுவரும் தெரிந்தபோதுதான், மூன்று நாட்களை இந்த ஒரே ஊருக்கு ஒதுக்கியது சரியான முடிவு என்ற நிம்மதி வந்தது. பெரும்பாலான பயணிகள் அருகிலுள்ள பண்டைக் கிரேக்க இடிபாடுகளான மைசீனியையும் எபிடாரஸையும் பார்த்துத் திரும்பும் வழியில் இங்கே ஒரு மதிய உணவுக்கு மட்டும் இறங்குகிறார்கள். என்னைக் கேட்டால், இது நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய ஊர்.

பையை அறையில் வைத்துவிட்டு நான் முதலில் தேடிச் சென்றது புனித ஸ்பிரிடோன் தேவாலயத்தை. பழைய நகரத்தின் சந்துகள் கடற்கரைக்கு இணையாக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே இணைப்பவை படிக்கட்டுகள். வீடுகளின் மரத்தாலான மாடி முகப்புகளிலிருந்து காகிதப்பூ கொத்துக் கொத்தாகத் தெருவுக்குள் இறங்குகிறது. அப்படியொரு ஏற்றத்தில், எதிர்வீட்டுச் சுவரைத் தொட்டுவிடும் நெருக்கத்தில் இருக்கிறது அந்தத் தேவாலயம். இத்தாலியின் வெனிஸ் நகர அரசைச் சேர்ந்த வெனிசியர்கள் ஆண்ட காலத்தில், 1702இல் கட்டப்பட்டது. ஒரு நாட்டின் வரலாறு திசை மாறிய இடம் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. கதவுக்கு அருகே, கல் சுவரில், ஒரு சிறு கண்ணாடிக்குப் பின்னால் விரல்நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. 1831 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடப்பட்ட குண்டின் தடம் அது என்கிறார்கள்.

சுடப்பட்டவர் இயோனிஸ் கபோடிஸ்ட்ரியாஸ், சுதந்திர கிரேக்கத்தின் முதல் ஆளுநர். கோர்ஃபு தீவில் பிறந்து, ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டரிடம் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். துருக்கியருக்கு எதிரான விடுதலைப் போரில் சிதைந்து கஜானா காலியாகக் கிடந்த நாட்டை நடத்த 1828 ஜனவரியில் அவர் வந்து இறங்கியது இந்தத் துறைமுகத்தில்தான். ஐகினா தீவில் இயங்கிய அரசு 1829இல் இங்கே இடம் மாறியது. பதவிக்குச் சம்பளம் வாங்க மறுத்தவர். நாணயம், பள்ளிகள், படை, தொற்றுநோய்த் தடுப்பு என ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்கியவர். உருளைக்கிழங்கை மக்கள் சீந்தவில்லை என்றதும், அதைத் துறைமுகத்தில் குவித்துக் காவல் போட்டாராம். காவல் இருப்பதால் விலையுயர்ந்த பொருள் என்று நினைத்து மக்கள் இரவில் திருடிச் சென்றார்களாம். இது செவிவழிக் கதை. ஆனாலும் கிரேக்கர்கள் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது.

அவருடைய மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தை நிறுத்தி வைத்தார். அதிகாரத்தைத் தன் கையில் குவித்தார். துருக்கியருக்கு எதிராகப் போரிட்டு நிலத்தை மீட்ட குலத் தலைவர்களை ஒடுக்கினார். மானி பகுதியின் தலைவர் பெட்ரோபே மவ்ரோமிகாலிஸை இந்த ஊரிலேயே சிறைவைத்தார். அன்று தேவாலய வாசலில் காத்திருந்தவர்கள் அந்தத் தலைவரின் தம்பி கான்ஸ்டான்டினோஸும் மகன் ஜார்ஜியோஸும். ஒருவன் சுட்டான், மற்றவன் குத்தினான். கான்ஸ்டான்டினோஸைக் கூட்டம் அங்கேயே தீர்த்துவிட்டது. ஜார்ஜியோஸ் பின்னர் விசாரிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆளுநரின் சொந்த ஊரான கோர்ஃபுவின் காவல் புனிதரும் ஸ்பிரிடோன்தான் என்பது நினைவுக்கு வந்தபோது, அந்தக் காலை அவர் எந்த மனநிலையில் இந்தப் படியேறியிருப்பார் என்று யோசித்தபடி நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அந்தச் சுவரை அவர்கள் பூசி மறைக்காமல் விட்டிருப்பதுதான் என்னை இந்த ஊரோடு கட்டிப்போட்டது. அடுத்த இரண்டு நாட்களும் நான் நடந்த இடங்களில் எல்லாம் அதே குணத்தைக் கண்டேன். நாஃப்பிளியோவில் ஆட்சி மாறும்போது கட்டடங்களை இடித்ததைவிட, அவற்றுக்கு வேறு வேலை கொடுத்ததே அதிகம். 1540இல் வெனிசியர்களிடமிருந்து துருக்கியர் பிடித்தார்கள், 1686இல் வெனிசியர்கள் மீட்டார்கள், 1715இல் மறுபடியும் துருக்கியர் வந்தார்கள், 1822இல் கிரேக்கர்கள். ஒவ்வொருவரும் முந்தையவர் கட்டியதில் குடியேறினார்கள்.

ஊரின் நடுவே பளிங்குக் கல் பாவிய சின்டாக்மா சதுக்கத்தில் நின்றாலே இதைக் கண்ணால் பார்க்கலாம். மேற்கு ஓரத்தில் நீளமாக நிற்கும் மூன்று மாடிக் கட்டடம் 1713இல் வெனிசியக் கடற்படையின் பண்டகசாலையாகக் கட்டப்பட்டது. இன்று தொல்பொருள் அருங்காட்சியகம். சதுக்கத்தின் ஒரு முனையில் இருந்த பள்ளிவாசல் பிற்காலத்தில் திரையரங்காகி, ட்ரியானோன் என்ற பெயரை இன்றும் வைத்திருக்கிறது. சற்றுத் தள்ளி, சாம்பல் நிறக் கல்லில் குவிமாடத்தோடு நிற்கும் இன்னொரு பள்ளிவாசலில்தான் புரட்சிக் காலத்தில், 1825இல் தொடங்கி, கிரேக்கர்களின் நாடாளுமன்றம் கூடியது. ஆகவே அதன் பெயர் வுலெஃப்டிகோ, அதாவது நாடாளுமன்றம். மேட்டுத் தெருவில் மூன்றாவதாக ஒரு பள்ளிவாசல் கத்தோலிக்கத் தேவாலயமாக இருக்கிறது. அதன் வாசலுக்கு உட்புறம், 1841இல் டூரே என்ற பிரெஞ்சு அதிகாரி நிறுவிய ஒரு மர வளைவு உண்டு. கிரேக்க விடுதலைக்காக வெளிநாடுகளிலிருந்து வந்து உயிர்விட்டவர்களின் பெயர்களை அதில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பெயர்களின் எழுத்துகளை விரலால் தொடர்ந்து படித்தேன். தங்களுக்குச் சொந்தமில்லாத மண்ணுக்காக வந்து இறந்தவர்கள். பலர் இருபது வயதுக்காரர்களாக இருந்திருக்கக் கூடும் என்ற நினைப்பு மனதைப் பிசைந்தது.

அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு கண்ணாடிப் பேழைக்காகவே இந்த ஊருக்கு வரலாம். அருகிலுள்ள டென்ட்ரா கிராமத்துக் கல்லறையில் 1960இல் கிடைத்த வெண்கலக் கவசம், கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முழு உருவில் அங்கே நிற்கிறது. கழுத்தைச் சுற்றி உயர்ந்து நிற்கும் ஒரு பட்டை, தோள்களுக்குத் தனித் தகடுகள், இடுப்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் வளையங்கள். ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டிருக்கிறார்கள். தோல் வார்களால் கட்டுவதற்கும் உள்ளே துணி வைத்துத் தைப்பதற்குமான துளைகள் அவை. துளைகளுக்கு இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதைக் குனிந்து பார்த்தேன். அந்தக் கம்மியனின் கை அவ்வளவு திருத்தம். கூடவே காட்டுப்பன்றித் தந்தங்களைச் சீவி அடுக்கடுக்காகத் தைத்த தலைக்கவசம். இத்தகைய தலைக்கவசத்தை ஹோமர் இலியட்டில் வர்ணித்திருக்கிறார். அந்தக் காவியம் உருவாவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்த பொருள் கண்ணெதிரே இருக்கிறது.

இரண்டாம் நாள் விடியலில் பலமிடி கோட்டைக்கு ஏறினேன். கடல் மட்டத்திலிருந்து 216 மீட்டர். படிகள் 999 என்பது ஊர்ப் பேச்சு. ஆயிரமாவது படியைத் தளபதி கொலோகோட்ரோனிஸின் குதிரை உடைத்துவிட்டது என்று கதையும் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு என்கிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்குவதும் தண்ணீர் கொண்டு போவதும் அவசியம், ஏனெனில் படிகளின் பெரும்பகுதியில் நிழல் கிடையாது. முடியாதவர்களுக்குக் குன்றின் பின்புறம் வாகனச் சாலை உண்டு. வெனிசியர்கள் 1711 முதல் 1714 வரை அசுர வேகத்தில் கட்டிய இந்தக் கோட்டை, ஒன்று விழுந்தாலும் மற்றவை தனித்து நின்று போரிடும்படி எட்டுக் கொத்தளங்களாகப் பிரிக்கப்பட்டது. இவ்வளவும் செய்தும் மறு ஆண்டே, 1715இல், துருக்கியரிடம் விழுந்தது. 1822 நவம்பர் 30, புனித ஆண்ட்ரூ திருநாள் இரவில், ஸ்டாய்கோஸ் ஸ்டாய்கோபுலோஸின் ஆட்கள் சுவரேறி இதைப் பிடித்தார்கள். அதன்பின் கொத்தளங்களுக்குத் தெமிஸ்டோக்ளிஸ், லியோனிடாஸ், எபமினோண்டாஸ் என்று பழம்பெரும் வீரர்களின் பெயர்களைச் சூட்டினார்கள்.

கோட்டைக்குள் ஒரு சிறு அறையைக் காட்டுகிறார்கள். வாசல் இடுப்பளவுகூட இல்லை. ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தில் ஈரம் கசியும் பாறைச் சுவரைத் தவிர எதுவும் தெரியவில்லை. விடுதலைப் போரின் பெரும் தளபதி தியோடோரோஸ் கொலோகோட்ரோனிஸை, அவர் மீட்டுக் கொடுத்த நாட்டின் அரசே அடைத்து வைத்த இடம் என்று இதைச் சொல்வது மரபு. கபோடிஸ்ட்ரியாஸ் கொலையுண்ட பின், வல்லரசுகள் கிரேக்கத்துக்கு அரசராகத் தேர்ந்தெடுத்த ஜெர்மானியப் பகுதியான பவேரியாவின் இளவரசர் ஓட்டோ 17 வயதில் 1833 பிப்ரவரியில் இங்கே கரையிறங்கினார். அவர் பெயரில் ஆண்ட பவேரியப் பிரதிநிதிகள் கொலோகோட்ரோனிஸ்மீது ராஜத் துரோகக் குற்றம் சாட்டி, 1834இல் மரண தண்டனை வாங்கித் தந்தார்கள். ஐந்து நீதிபதிகளில் இருவர், பொலிசோயிடிஸும் டெர்ட்செடிஸும், தீர்ப்பில் கையெழுத்திட மறுத்தார்கள். படைவீரர்கள் அவர்களை இழுத்து வந்து இருக்கையில் உட்கார வைத்தும் அவர்கள் கையெழுத்திடவில்லை. தண்டனை குறைக்கப்பட்டு, மறு ஆண்டு கிழவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. நீதிமன்றத்தின் முன்னால் அந்த இரு நீதிபதிகளுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் உள்ள எல்லாச் சிலைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

கோட்டையின் மேலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் நடுவே, கப்பல் போலத் தண்ணீரில் நிற்கிறது பூர்ட்ஸி. வெனிசியர்கள் 1473இல் கட்டிய கடற்கோட்டை. பலமிடி கோட்டை சிறையாக இருந்த காலத்தில் மரண தண்டனையை நிறைவேற்றியவர்கள் 1865 முதல் அந்தத் தீவில்தான் வாழ்ந்தார்கள். ஊருக்குள் அவர்கள் குடியிருப்பதை மக்கள் ஏற்கவில்லை. 1930களில் அதே கட்டடம் தங்கும் விடுதியாயிற்று. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒவ்வொரு மாலையும் ஊரின் விளக்குகளையும் சிரிப்பொலியையும் பார்த்துக்கொண்டு, யாரும் பேச வராத ஒரு மனிதன் அங்கே இருந்திருக்கிறான். படகோட்டிகள் அழைத்தார்கள், நான் போகவில்லை. கரையிலிருந்து பார்ப்பதே போதும் என்று தோன்றியது.

இடிக்காத ஊர் என்று நான் மனதில் எழுதி வைத்திருந்ததற்கு ஒரு விலக்கும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டது மூன்றாம் நாள் அக்ரோநாஃப்பிளியா குன்றில். ஊரின் மிகப் பழைய பகுதி அது. அடிச்சுவரில் பண்டைக் கிரேக்கர் காலக் கற்களும் அவற்றின் மேல் பைசாந்தியர், வெனிசியர் காலக் கற்களும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. சர்வாதிகாரி மெடாக்ஸாஸ் 1937 முதல் கம்யூனிஸ்டுகளை இங்குள்ள சிறையில்தான் அடைத்தார். 1941இல் நாட்டை ஜெர்மானியர் பிடித்தபோது கைதிகளை விடுவிக்காமல் அப்படியே அவர்களிடம் ஒப்படைத்தார்கள். 1944 மே 1 அன்று ஏதென்ஸின் கைசரியானியில் சுட்டுக் கொல்லப்பட்ட 200 பேரில் பெரும்பாலோர் இந்தச் சிறையில் இருந்தவர்கள். அந்தச் சிறையைப் பிற்காலத்தில் இடித்துவிட்டுக் குன்றின்மேல் சுற்றுலா விடுதி கட்டினார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. தலையாரியைப் போலக் குண்டின் தடத்தைக் காத்து நிற்கும் ஓர் ஊர், மரண தண்டனையை நிறைவேற்றியவர்களின் தீவைக்கூட விட்டுவைத்த ஓர் ஊர், இந்தச் சுவர்களை மட்டும் ஏன் விட்டுவைக்கவில்லை? நெடுங்காலத்துக்கு முந்தைய துயரத்தைப் பாதுகாப்பது எளிது. அதை அனுபவித்தவர்கள் உயிரோடு இருக்கும்போது பாதுகாப்பதற்கு வேறு வகைத் துணிவு வேண்டும் என்றே நினைக்கிறேன்.

குன்றின் தெற்குப் பக்கம் இறங்கினால் அர்வனிடியா கடற்கரை. அங்கிருந்து பாறை விளிம்பை ஒட்டி, சப்பாத்திக் கள்ளிப் புதர்களுக்குக் கீழே, துறைமுகம் வரை ஒரு நடைபாதை வளைந்து செல்கிறது. மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் அதில் உலாவுகிறார்கள். அந்த உலாவுக்கு வோல்டா என்று பெயர். பாதை முடிவில் ஒரு கடையில் சர்க்கரை அளவாகப் போட்ட கிரேக்கக் காப்பி வாங்கிக்கொண்டு, வண்டல் அடியில் தங்கும்வரை காத்திருந்து குடித்தேன்.

கிளம்பும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. பேருந்துக்கு நேரம் இருந்ததால் புனித ஸ்பிரிடோன் தேவாலயத்துக்கு மறுபடியும் ஏறினேன். இம்முறை கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து வழிபாட்டுப் பாடலும் சாம்பிராணிப் புகையும் தெருவுக்கு வந்துகொண்டிருந்தன. கறுப்பு உடையணிந்த ஒரு மூதாட்டி கைத்தடியை ஊன்றிப் படியேறினார். மேல் படியில் மூச்சு வாங்க நின்றவர், விழாமலிருக்க இடக்கையைச் சுவரில் வைத்தார். கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி. பிறகு சிலுவைக் குறியிட்டுக்கொண்டு உள்ளே சென்றார்.