வால் மட்டும் வரவில்லை

கொழிஞ்சாம்பாறையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ரத்தம் எடுக்கும் நேரத்துக்குப் பாலக்காட்டு லேபில் இருக்க முடியும். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணு. வெளியே எடுத்த சில மணி நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

முதல் இரண்டு வாரம் செல்லே தேறவில்லை. 1.119 அடர்த்திக் கரைசல் அடியில், 1.077 அதன்மேல், அதற்கும் மேலே ரத்தம், பைபெட்டைக் குழாயின் சுவரில் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக. அரை மணி நேரம் சென்ட்ரிஃப்யூஜில் சுழன்றால் சிவப்பணு அடியில் இறங்கிவிடும். இரண்டு கரைசலும் சேரும் இடத்தில் நியூட்ரோஃபில் மங்கலான வளையமாக நிற்கும். எனக்கோ எல்லாம் கலங்கியே வந்தது. சீனியர் சேச்சி மெஷினைப் பார்த்தார். பிரேக் போட்டிருந்தது. அதை ஆஃப் செய்துவிட்டு, "மெல்லெ நிக்கட்டே" என்றார். மறுநாளே வளையம் கிடைத்தது.

அப்புறம் ஸ்லைடில் ஒரு பக்கம் மட்டும் எஃப்எம்எல்பி வைத்தோம். பாக்டீரியாப் புரதத்தின் தலைப்பகுதியைப் போன்ற சிறு துண்டு அது; அதன் செறிவு கூடும் பக்கமாக நியூட்ரோஃபில் ஊர்ந்து போகும். செல்லின் முன்னும் பின்னும் அந்தச் செறிவில் 1 சதவீத அளவு வித்தியாசம் இருந்தாலே அதற்குத் திசை தெரிந்துவிடும் என்று சாலி சிக்மண்ட் என்னும் ஆய்வாளர் 1977-லேயே காட்டியிருக்கிறார். உருண்டையாகக் கிடந்த செல் சில நிமிடத்தில் முகமும் வாலுமாகி ஊர ஆரம்பித்தது. அன்று மதியம் சாப்பாட்டு ஞாபகமே இல்லை எனக்கு.

செல்லின் மேலே சேதி வாங்கும் ஏற்பியில் எஃப்எம்எல்பி ஒட்டியதும், உள்ளே ஜி-ஐ புரதம் பிரிகிறது. அது பிஐ3-கைனேஸ் என்னும் நொதியைத் தூண்ட, முன்பக்கச் சவ்வில் பிஐபி3 என்னும் கொழுப்பு சேர்கிறது. அங்கே ரேக் புரதம் ஆக்டின் என்னும் புரத இழைகளை வளர்த்து முகத்தை முன்னே தள்ளுகிறது. அதே ஏற்பியிலிருந்து ஜி-12, ஜி-13 வழியாக ரோ என்னும் புரதத்துக்கும் சேதி போகிறது. பின்பக்கம் மயோசின் என்னும் இழுவைப் புரதத்தைச் சுருக்கி வாலை இழுப்பது அந்த ரோவும் அது தூண்டும் ரோ-கைனேஸ் நொதியும்தான். ஒரு வழி இருக்கும் இடத்தில் மற்றது அடங்கிவிடும். முன் எது, பின் எது என்பது அப்படித்தான் நிலைக்கிறது.

இதையெல்லாம் பரீட்சைக்கு அம்புக்குறி போட்டு எழுதியவள்தான் நான். ரோ-கைனேஸை அடைக்கும் ஒய்-27632 மருந்தை விட்டபோதுதான் நிஜமாகவே புரிந்தது. முகம் முன்னே போகிறது, வால் கண்ணாடியை விடவில்லை. நூல் மாதிரி இழுபட்டு நீள்கிறது. பாவமாக இருந்தது.

சரி, மருந்தைக் கழுவிப் பார்க்கலாம் என்றார் சேச்சி. கழுவினோம். கொஞ்ச நேரத்தில் ஒரு வால் பிடியை விட்டுச் சுருங்கி உடம்போடு சேர்ந்தது. சேச்சி நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.