தேறிய மாடு காத்திருக்காது

2021-இல் அயர்லாந்துக்கு வந்தேன். மனைவிக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, எனக்குக் கிடைத்தது மீத் கவுண்டியில் ஒரு மாட்டுப் பண்ணை. பால் பண்ணை இல்லை, கறிக்கு மாடு வளர்க்கும் பண்ணை. காயடித்த இளங்காளைகளை வாங்கி, புல்லிலும் அடர்தீவனத்திலும் தேற்றி, இறைச்சி ஆலைக்கு அனுப்புவதுதான் தொழில். நம்மூரில் அடிமாடு என்றால் உழைத்து ஓய்ந்த மாடு. இங்கே அந்த லாரியில் ஏறுவது பண்ணையிலேயே நல்ல மாடு. இது மனசில் பதிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

பண்ணைக்காரருக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது. முதலாளி என்று கூப்பிட்டால் பிடிக்காது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இங்கே மட்டும் பெரியவர் என்று எழுதிக்கொள்கிறேன்.

அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது கையால் பார்ப்பது. மாட்டைக் கம்பிக் கூண்டில் நிறுத்தி, வாலடியில் இரண்டு பக்கமும் விரலை வைக்கச் சொல்வார். தேறாத மாட்டுக்கு எலும்பு நேராகத் தட்டும். தேற ஆரம்பித்ததும் அந்த இடத்தில் மெத்தென்று ஒரு மேடு வரும், பிசைந்து வைத்த மாவைத் தொட்ட மாதிரி. அப்புறம் விலா. உள்ளங்கையை வைத்துக் கொஞ்சம் அழுத்தினால் எலும்பை எண்ண முடிந்தால் மாடு தயார். எவ்வளவு அழுத்தியும் எண்ண முடியவில்லை என்றால் நாம் தாமதித்துவிட்டோம். மழையில் நனைந்த அடர்த்தியான மயிருக்குள் விரலை விட்டு இதைக் கண்டுபிடிக்கப் பழகியதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. கண் ஏமாறும், கை அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது.

ஏன் தாமதிக்கக் கூடாது? சதை வைக்கும் வயசில் தின்ற தீனிக்கு எடை நன்றாக ஏறும். கொழுப்பு வைக்கத் தொடங்கிய பிறகு அதே ஒரு கிலோ ஏற்றத்துக்கு எவ்வளவோ அதிகத் தீனி வேண்டும். தினமும் தலைக்கு 5 கிலோ அடர்தீவனம் போய்க்கொண்டே இருக்கும், தராசு மட்டும் நகராது. கொழுப்பு கூடினால் ஆலை விலையையும் குறைக்கும். அதாவது தேறிய மாட்டைக் கையில் வைத்திருப்பவன், நெல்லை மூட்டை கட்டிக் களஞ்சியத்தில் போட்டவன் மாதிரி விலை ஏறட்டும் என்று உட்கார முடியாது. வாங்குகிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

ஆலைக்குப் போகும் மாட்டுக்கு உயிர் எடையில் விலை கிடையாது, கறி எடையில்தான். 680 கிலோ காளை, நூற்றுக்கு 53 தேறினால், கொக்கியில் தொங்குவது 360 கிலோ. தோல், தலை, குடல், குளம்பு எல்லாம் போய்விடும். அதோடு முடியாது. உடல் அமைப்புக்கு ஈ, யு, ஆர், ஓ, பி என்று ஐந்து தரம், கொழுப்புக்கு 1 முதல் 5 வரை இன்னொரு கணக்கு. ஒவ்வொரு தரத்துக்குள்ளும் கூட்டல், சமம், கழித்தல் என்று மூன்று பிரிவு. தரம் பார்ப்பதும் பெரும்பாலும் இயந்திரம்தான், கேமராவில் படம் பிடித்து முடிவு சொல்லிவிடும். நடுவில் இருக்கும் ஆர் தரம், கொழுப்பு 3 என்பதற்குத்தான் அடிப்படை விலை. உடல் அமைப்பு அதற்கு மேலே, ஈ பக்கம் போனால் விலை கூடும், கீழே, பி பக்கம் போனால் குறையும்.

மார்ட் என்று சொல்லும் மாட்டுச் சந்தையில் நிலைமை வேறு. மாடு வட்டத்துக்குள் வரும்போதே எடை பலகையில் தெரியும். ஏலம் ஏறும். ஏலக்காரர் பக்கத்தில் மாட்டுக்காரர் நிற்பார். கேட்ட விலை கட்டவில்லை என்றால் தலையை ஆட்டுவார், மாடு வீட்டுக்குத் திரும்பிவிடும். ஆலையில் அந்தத் தலையாட்டல் கிடையாது. தரமும் எடையும் தெரியவரும்போது மாடு உயிரோடு இல்லை. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை ஒரு செப்டம்பரில் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

பன்னிரண்டு காளைகள் தயாராக இருந்தன. அதில் மூன்று, மார்ச் முதல் வாரத்தில் பிறந்தவை, செப்டம்பர் முதல் வாரத்தில் 30 மாதம் முடிகிறது. பதிவு அட்டையைப் பார்த்துத் தேதிகளைக் குறித்து வைப்பது என் பொறுப்பு. ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு ஆலையில் இடம் கேட்டிருந்தோம். சரி என்றார்கள். முந்தின நாள் மாலை, ஆலைக்காக மாடு வாங்கும் ஏஜென்ட்டிடமிருந்து போன், “இந்த வாரம் நிரம்பிவிட்டது, அடுத்த வாரம் அனுப்புங்கள்.” அடுத்த வாரம் அனுப்பினோம். மூன்று காளைகளும் 30 மாதத்தைச் சில நாட்கள் தாண்டியிருந்தன. 30 மாதத்துக்குள் இருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் கிலோவுக்கு 20 செண்ட் போனஸ். தாண்டிவிட்டால், 36 மாதம் வரை, 8 செண்ட்தான். 350 கிலோ கறிக்கு 12 செண்ட் குறைந்தால் மாட்டுக்கு 42 யூரோ. மூன்று மாட்டுக்கு 126.

பணம் பெரிதில்லை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டரை வருஷம் ஒருவர் கையிலும் இன்னொருவர் கையிலுமாக வளர்ந்த உயிர். ஒரு போன் பேச்சில் அதன் மதிப்பு குறைந்துவிட்டது, எங்கள் பக்கம் ஒரு தவறும் இல்லாமல்.

அந்த 30 மாதக் கணக்குக்கும் ஒரு கதை இருக்கிறது. மாட்டின் மூளையைத் தாக்கும் பித்துப்பசு நோய் பரவிய காலத்தில், 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 மாதம் தாண்டிய மாடுகளைக் கறிக்கு விடும் முன் பரிசோதிப்பது கட்டாயம் ஆனது. நோய் அடங்க அடங்க அந்த வயது வரம்பை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஆனால் விலைப் பட்டியலில் 30 மாதம் அப்படியே நின்றுவிட்டது. வாங்கும் கடைகள் கேட்கின்றன என்பது ஆலைகளின் பதில். 31 மாத மாட்டின் கறிக்கும் 29 மாத மாட்டின் கறிக்கும் என்ன வித்தியாசம் என்று பெரியவர் கேட்பதற்கு இதுவரை யாரும் சரியான பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

2019 ஜூலை கடைசியில் விவசாயிகள் ஆலை வாசல்களில் மறியலில் உட்கார்ந்தபோது இந்தக் கோபமும் அதில் இருந்தது. பெரியவரும் ராத்திரியில் போய் நின்றிருக்கிறார். செப்டம்பர் 15-ஆம் தேதி உடன்பாடு வந்தது. போனஸ் 12 செண்டிலிருந்து 20 ஆனதும், 30 மாதம் தாண்டியவற்றுக்கு அந்த 8 செண்ட் கிடைத்ததும் அதில்தான். “அந்த எட்டு செண்டுக்கு நான் மழையில் நின்றிருக்கிறேன்” என்று, நாங்கள் 126 யூரோ இழந்த அன்று என்னிடம் சொன்னார். அதற்கு முன் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அவர் சமையலறைக்கு வருவார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு விலைதான் பேசுவார்கள். யாருக்கு என்ன விலை சொன்னார்கள், எந்த ஆலையில் ஆள் குறைவு, இங்கிலாந்தில் கிராக்கி எப்படி. இந்த நாட்டு மாட்டிறைச்சியில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்றுமதி ஆகிறது, அதனால் வெளிநாட்டுச் செய்தி இவர்களுக்கு வீட்டுச் செய்தி. முதலில் எனக்கு இது பொழுதுபோக்குப் பேச்சாகத்தான் பட்டது. செப்டம்பருக்குப் பிறகு புரிந்தது. ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, “உங்களுக்கு மட்டும் இந்த விலை, வெளியே சொல்லவேண்டாம்” என்கிறார். காத்திருக்க முடியாத பொருளை வைத்திருப்பவர்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே பலம், பக்கத்துக்காரருக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்திருப்பது. விலையை மறைத்து வைக்கும் விவசாயி தனக்கும் சேர்த்துத்தான் குழி வெட்டுகிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது 30 மாதத்துக்கு ஆறு வாரம் முன்னாலேயே போனில் மணி அடிக்கும்படி ஒவ்வொரு காளைக்கும் தேதி போட்டிருக்கிறேன். இடம் கேட்பது ஒரே ஆலையில் இல்லை, இரண்டில்.

அந்த மூன்று காளைகளின் கணக்குத் தாள் வந்த அன்று பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். பக்கத்துப் பண்ணைக்காரரைப் போனில் கூப்பிட்டு, தாளை மேலிருந்து கீழே வாசித்தார். எடை, தரம், கொழுப்பு, கிலோ விலை, பிடித்தம். பன்னிரண்டு வரியும். நட்டமான மூன்று வரிகளை இரண்டு தடவை வாசித்தார். போனின் மறுமுனையில் இருப்பவர் எழுதிக்கொள்ளும் வரை ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, காத்திருந்தார்.