காணிக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

எங்களுக்குக் கலியாணமாகி 27 வருடங்கள். கடைசி ஆறு வருடங்களில் நானும் என் கணவரும் உடலால் சேர்ந்த நாட்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். விரும்பியது நான், விலகியது அவர். வயது போகப் போகப் பெண்ணுக்குத்தான் ஆசை வற்றும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். இதை யாரிடம் வாய் திறந்து சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடந்த ஒரு வருடத்தில் நாங்கள் இருவரும் எப்படி இதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தோம் என்பதை எழுதுகிறேன். அவர் வாசித்து, இரண்டு இடத்தில் திருத்தி, சம்மதம் தந்த பிறகே வெளியிடுகிறேன்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் மயிலிட்டிப் பக்கம். 1990 ஜூனில் போரால் எங்கள் வலிகாமம் வடக்கு முழுதாக இடம்பெயர்ந்தபோது எனக்கு 15 வயது, அவருக்கு 19. 1998இல் எங்களுக்குத் திருமணம் நடந்தது. வாழ்க்கையைத் தொடங்கியது மல்லாகத்தில் ஒரு நலன்புரி முகாமின் கிடுகுக் கொட்டிலில். ஒரே அறை. ஒரு சேலையை நடுவில் கட்டி இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மாமியும் மச்சாளும். மாமிக்கு இரவில் நித்திரை வராது. அவர் செபமாலை மணியை உருட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்கும் என்றால், எங்கள் சத்தம் அவருக்கும் கேட்கும். ஆகவே மூச்சை அடக்கி, விரைவாக, இருட்டில், ஒரு சொல்லும் பேசாமல் முடித்துக்கொள்ளப் பழகினோம். இரண்டு பிள்ளைகளும் அந்தக் கொட்டிலில்தான் பிறந்தார்கள். அந்தப் பழக்கம் எங்களுக்கு என்ன செய்தது என்பது 50 வயதில்தான் எனக்கு விளங்கியது.

அவர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். முகாமில் படிவம் நிரப்பத் தெரிந்தவர் சிலரே. நிவாரண அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று எல்லாவற்றுக்கும் அவரைத்தான் தேடி வருவார்கள். போர் முடிந்த பிறகு, இராணுவத்திடம் இருந்த காணிகளின் விடுவிப்புக்கான மனுக்கள், கவனயீர்ப்புப் போராட்டங்கள், மாவட்டச் செயலகத்தில் கூட்டங்கள். 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தோடு ஒரு பகுதி விடுபட்டபோது எங்கள் காணியும் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்துவிட்டதே என்று அவர் நிற்கவில்லை. இன்னும் இராணுவ வேலிக்குள் காணி கிடப்பவர்களுக்காக ஓடினார். எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவை, மீள்குடியேற்றக் குழு, வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டவர்களைச் சேர்க்கும் வேலை. இதெல்லாம் விசுவாசத்தின் ஒரு பகுதி என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். நானும் நம்புகிறேன். கோவிலுக்குள் மண்டியிட்டுவிட்டு வெளியே அயலவனின் காணிக்குக் குரல் கொடுக்காதவரின் செபத்தில் ஏதோ குறைகிறது என்றுதான் என் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தேன்.

ஆனால் அவர் வீட்டுக்கு வரும்போது இரவு பத்து மணி. சாப்பிட்டு, தொலைபேசியில் இன்னும் நான்கு பேரோடு கதைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். பூசை முடிந்து வெளியே வந்தால் ஊரார் என்னிடம், “உங்கள் மனிசன் ஒரு புண்ணியவான்” என்பார்கள். நான் தலையாட்டுவேன். நான் அழகு குறைந்துவிட்டேன் என்று நினைத்தேன். வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்றும் ஒரு காலம் நினைத்தேன். அந்த மாதங்களை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான் செய்த பெரிய பிழையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 28ஆம் திகதி வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணி பற்றி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்று ஊரே கலங்கியது. உறுதி எரிந்தவர்கள், உரிமைக்காரர் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள், தாத்தாவின் பெயரிலேயே காணி நிற்பவர்கள் என்று எல்லோரும் எங்கள் விறாந்தைக்கு வந்தார்கள். ஏப்ரலில் ஒரு நாள், கடைசி ஆள் படலையைச் சாத்திவிட்டுப் போன பிறகு, நான் வேதாகமத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், ஏழாம் அதிகாரம். கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்யட்டும், ஒருவரை ஒருவர் மறுக்க வேண்டாம், செபத்துக்காக விலகி இருப்பதானாலும் இருவரும் ஒத்துக்கொண்டு சிறிது காலத்துக்கு மட்டுமே என்று பவுல் எழுதுகிறார். “செபத்துக்குத்தான் விலக்கு, கூட்டங்களுக்கு இல்லை” என்றேன். “ஊராரின் காணிக்கு உரிமை கேட்கிறீர்கள். எனக்கு இந்த வீட்டில் உரிமை இல்லையா?” என்றும் கேட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார்.

எத்தனையோ ஆண்கள் அதே வசனத்தைக் காட்டி மனைவியரை வதைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெண்களே இருக்கிறார்கள். நான் அதே ஆயுதத்தைத் திருப்பிப் பிடித்தேன். காணிக்கு உறுதி இருக்கிறது, எல்லைக் கல் இருக்கிறது, மனுப் போடலாம். ஒருவரின் விருப்பத்துக்கு மனுப் போட முடியாது. விருப்பமில்லாமல் வந்து கிடக்கும் உடம்பை எனக்குத் தந்திருந்தாலும் நான் அதை வைத்து என்ன செய்திருப்பேன்?

அந்தத் தவக்கால முடிவில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என் ஆசையையே பாவமாக அறிக்கையிட்டேன். முன்பு ஒரு தியானத்தில் ஒரு போதகர், பிள்ளைகள் வளர்ந்த பிறகு பெண்கள் இதையெல்லாம் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கேட்டுக்கொண்டிருந்த இளம் குருவானவர், “மனைவி கணவனை விரும்புவது பாவம் அல்ல அம்மா, அதற்காக நான் உங்களுக்குப் பாவமன்னிப்புத் தர முடியாது” என்றார். பிறகு, “மற்றது எனக்குத் தெரியாத விடயம். தெரிந்தவர்களிடம் போங்கள்” என்றார். தெரியாது என்று ஒரு குரு நேர்மையாகச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்தது தற்செயலாக நடந்தது. எங்கள் பங்கில் ஒரு படிப்பு வட்டம் இருக்கிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டை அதில் வாசித்தார்கள். என் கணவருடைய பிரதியில் 43ஆம் பத்தி முழுவதும் சிவப்புக் கோடு. உலகக் கடமைகளைப் புறக்கணிக்கும் கிறிஸ்தவர் அயலவருக்கும் கடவுளுக்கும் செய்ய வேண்டியதைப் புறக்கணிக்கிறார் என்ற கருத்து வரும் இடம் அது. அதே பத்தியில், எல்லாப் பிரச்சினைக்கும் குருக்களிடம் தயாராக விடை இருக்கும் என்று பொதுநிலையினர் எண்ண வேண்டாம் என்றும் இருக்கிறது. என் பாவசங்கீர்த்தனம் நினைவுக்கு வந்தது. தொடர்ந்து புரட்டினேன். திருமணம் பற்றிய பகுதியில், 51ஆம் பத்தியில், கணவன் மனைவியின் நெருக்கம் அறுபட்டுப் போனால் அவர்களுடைய பிரமாணிக்கமே ஆபத்துக்குள்ளாகலாம் என்று எழுதியிருந்தது. அங்கே ஒரு கோடும் இல்லை. நான் பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு போட்டு, பூசைப் புத்தகத்து நாடாவை வைத்து அவர் மேசையில் விட்டேன். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு அவர் உறுதிப் பிரதிகளை அடுக்கி ஸ்ரேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினேன். “இரும்” என்றார். இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “நீர் நினைப்பது போல் இல்லை. விருப்பம் இல்லாமல் இல்லை. என்னால் முடியவில்லை. மூன்று நான்கு வருடமாகவே முடியவில்லை. தொடங்கி உமக்கு முன்னால் தோற்பதைவிடத் தொடங்காமல் இருப்பது நல்லது என்று நினைத்தேன்.” சொல்லிக்கொண்டே ஸ்ரேப்ளரை அமத்தினார். அதற்குள் தாள் இல்லை. கம்பிகள் ஒன்றொன்றாக மேசையில் விழுந்தன. நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். இந்த ஊரில் ஆயிரம் பேருக்கு முன்னால் பேசும் மனிதர், எனக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்திய பிறகுதான் வைத்தியரிடம் போக அவருக்கு நேரம் கிடைத்தது. நேரம் மட்டுமா, துணிவும்தான். தனியார் மருத்துவமனை ஒன்றில் சனல் செய்தோம், அதாவது வைத்தியரைப் பார்க்க முன்பதிவு செய்தோம். பதிவு செய்யும் இடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி “என்ன வருத்தம்?” என்று கேட்டார்கள். அவர் வெளியே நடந்துவிடுவார் என்று பயந்து, “சீனி வருத்தம்” என்று நான் சொன்னேன். அது பொய்யும் அல்ல. இதே நிலையில் போகிறவர்கள் அப்படியே சொல்லலாம்.

அவருக்கு 11 வருடமாக நீரிழிவு. மாத்திரையை நினைத்தால் போடுவார், கூட்டம் என்றால் மறப்பார். மூன்று மாதச் சராசரிச் சீனி (HbA1c) 9.4 வீதம் இருந்தது. நீரிழிவு சின்ன இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும், விறைப்புக் குறைவது அதனால் அடிக்கடி வரும் விளைவு என்று வைத்தியர் சொன்னார். இதயத்துக் குழாய்களைவிட அந்த இடத்துக் குழாய்கள் மெல்லியவை, ஆகவே இதய நோய்க்கு முன்னெச்சரிக்கையாகவும் இது வரலாம் என்று சொல்லி ஈ.சி.ஜி., கொழுப்பு, இரத்த அழுத்தம், ஹோர்மோன் எல்லாம் பார்த்தார். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். அதையும் விறைப்புக்கான மாத்திரையையும் சேர்த்து எடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக விழுந்துவிடும். இதனால்தான் பார்மசியில் இரகசியமாக வாங்கி விழுங்கக் கூடாது. அழுத்த மாத்திரை காரணமாக இருக்கலாம் என்று தாமாக நிறுத்தவும் கூடாது. அவருக்குச் சில்டெனாபில் என்ற விறைப்பு மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தார். அது ஆசையை உண்டாக்கும் மருந்து அல்ல, ஆசை வந்தால் உடம்புக்கு உதவும், அவ்வளவுதான் என்றார். அவர் அதைக் கேட்டுத் தலைநிமிர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

என் பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. மாதவிடாய் நின்றுகொண்டிருந்த காலம், வறட்சியும் வலியும் இருந்தன. நான் அதையும் வெளியே சொன்னதில்லை. எங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனேன். அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் சோதித்தார்கள். வழுவழுப்புக்கு நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் போதும், தேங்காய் எண்ணெயோ வாசலினோ வேண்டாம் என்று எனக்குச் சொன்னார்கள். பெண்கள் அந்தக் கிளினிக்கை இன்னும் நன்றாகப் பயன்படுத்த வேண்டும்.

மருந்து வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. முதல் இரண்டு தடவையும் அவர் பயத்தில் வியர்த்துப் போனார். வைத்தியர்தான் உளவளத்துணையாளர் ஒருவரிடம் அனுப்பினார். எங்கள் மாவட்டத்தில் உளவளத்துணை என்றால் போரில் இழந்தவர்களுக்கானது என்றே பலர் நினைக்கிறோம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த அம்மா எங்கள் கதையை மல்லாகம் கொட்டிலில் இருந்து கேட்டார். கேட்டு முடித்து, “இப்போது உங்கள் அறைக் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா?” என்றார்.

இல்லை. 2017இல் கட்டிய வீடு, ஆறு கதவு, எங்கள் அறைக்கு மட்டும் கொண்டி போடவில்லை. போட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. ஆட்களுக்கு நடுவிலேயே படுத்துப் பழகிய உடம்புகள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில், மாமி மோட்சத்தில், ஆனாலும் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தோம். அடுத்த நாள் காலை அவர் சுன்னாகத்துக்குப் போய்ப் பித்தளைக் கொண்டி ஒன்று வாங்கி வந்து, தானே துளை போட்டுப் பூட்டினார். மரத்தூள் நிலத்தில் கிடக்க, இரண்டு மூன்று தடவை இழுத்துச் சாத்திப் பார்த்தார்.

பிறகு நான்கு வாரம் சேர்க்கையே கூடாது என்று உளவளத்துணையாளர் தடை போட்டார். வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம், ஒருவர் தொட மற்றவர் சும்மா இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கை, முதுகு, கால் மட்டும். என்ன பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். 1970இல் மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய முறை இது என்றார். தோற்க இடமில்லாததால் அவருக்குப் பயம் விட்டது. எனக்குத்தான் கடினமாக இருந்தது. பேசுவது. “இஞ்சாருங்கோ, கொஞ்சம் மெதுவாக” என்ற ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாங்கள் இருவரும் அந்த அறைக்குள் சத்தமாகச் சிரித்தது ஐந்தாம் நாள். 27 வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அவர் பொது வேலையை விட்டுவிட வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார், அது எங்கள் இருவருக்கும் கேடாக முடிந்திருக்கும். அவர் அந்த வேலைக்குள் ஒளிந்திருந்தார் என்பது உண்மை. அந்த வேலை தேவையானது என்பதும் உண்மை. உறுதிப் பதிவேட்டை இரண்டு இளைஞர்களுக்கும் ஒரு கைம்பெண்ணுக்கும் பழக்கிக் கொடுத்தார். இப்போது அவர்கள் அவரைவிட ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டு மணிக்குப் பிறகு தொலைபேசி அலுமாரிக்கு மேலே.

இன்னும் எனக்குத்தான் விருப்பம் அதிகம். அது மாறவில்லை, மாறும் என்றும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சில இரவுகளில் அவர், “இன்றைக்கு இயலாது, ஆனால் பக்கத்தில் வாரும்” என்கிறார். முன்பு சுவரைப் பார்த்த முகம் இந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது. சீனி 7.2க்கு இறங்கியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்குப் படலையில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் யன்னலடியில் நின்று, “நாளைக்குக் காலை வாருங்கள் தம்பி” என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து கொண்டியைப் போட்டார்.