குறிப்பு இல்லாமல் எழுத வருகிறதா?

நிரல் எழுதப் புதிதாகக் கற்பவர்களுக்கான கணினிப் பயிற்சி மென்பொருள்களை மதிப்பிடும்போது, எத்தனை பயிற்சிகளை எவ்வளவு விரைவில் முடித்தார்கள் என்ற கணக்கையே பெரும்பாலும் முன்வைக்கிறார்கள். ஒரு மாணவியின் அருகில் அரை மணி நேரம் அமர்ந்து பார்த்த பிறகு, அந்தக் கணக்கின்மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

1 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்டும் நிரலை அவர் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டியிருந்தது. எண்களை வரிசையாகத் தரும் கட்டளையை ரேஞ்ச்(1, 10) என்று எழுதினார். 55 வர வேண்டிய இடத்தில் 45 வந்தது. மென்பொருள் தந்த முதல் குறிப்பு, லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) எங்கே முடிகிறது என்று பார்க்கச் சொன்னது. அதைப் படிக்காமலே அடுத்த குறிப்பையும் அதற்கடுத்ததையும் திறந்தார். மூன்றாவது குறிப்பு 10-ஐ 11 ஆக மாற்றும்படி நேரடியாகவே சொல்லிவிட்டது. மாற்றினார், விடை சரி என்று பச்சை நிறம் வந்தது. 1 முதல் 20 வரை கூட்டும் அடுத்த பயிற்சியில் மீண்டும் ரேஞ்ச்(1, 20) என்றே எழுதி, அதே வழியில் அதையும் முடித்தார். மென்பொருளின் பதிவேட்டில் இரண்டு பயிற்சிகளும் வெற்றி. பிறகு, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் எடுத்துக்கொள்ளப்படும் எண்களைத் தாளில் வரிசையாக எழுதச் சொன்னேன். 19-க்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, "கடைசி எண்ணை இது எடுத்துக்கொள்ளவே இல்லையே" என்றார்.

இதனால் இத்தகைய மென்பொருள்களே பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆய்வாளர் கர்ட் வான்லென் 2011-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், பயிற்றுநரே இல்லாமல் கற்பதோடு ஒப்பிடுகையில், மனிதப் பயிற்றுநரால் கிடைத்த முன்னேற்றம் 0.79 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு), ஒவ்வொரு படியிலும் வழிகாட்டும் மென்பொருளால் 0.76, இறுதி விடை சரியா தவறா என்று மட்டும் சொல்லும் மென்பொருளால் 0.31. மனிதப் பயிற்றுநருக்கு இத்தனை நெருங்கிய பலனைத் தரக்கூடிய கருவி என்பதால்தான் அதை அளக்கும் முறையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். ஆய்வாளர்கள் கார்பெட்டும் ஆண்டர்சனும் லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கான பயிற்சி மென்பொருளை வைத்துச் செய்த, 2001-இல் வெளியான ஆய்வில், பிழையை உடனுக்குடன் சுட்டிக்காட்டப்பெற்றவர்கள் பயிற்சிகளை மற்றவர்களைவிட விரைவாக முடித்தார்கள். ஆனால் பிறகு நடந்த தேர்வில், பின்னூட்டம் வேறு விதமாகக் கிடைத்த குழுக்களும் அவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். நேரம் மிச்சமானது நல்லதுதான், ஆனால் அதைக் கூடுதல் புரிதலாகக் கணக்கிட முடியாது.

ஆகவே மதிப்பீட்டில் நான் முதலில் தேடுவது, மென்பொருளை மூடிவிட்டு, சில வாரங்கள் கழித்து, முன்பு பார்த்திராத ஒரு கணக்கை வெற்றுத் திரையில் எழுதச் சொன்னார்களா என்பதைத்தான். அடுத்து, இடையில் விட்டுப்போனவர்களை என்ன செய்தார்கள் என்று பார்ப்பேன். அவர்களைக் கழித்துவிட்டு மீதமிருந்தவர்களின் சராசரியை மட்டும் காட்டினால், உதவி மிகுதியாகத் தேவைப்பட்டவர்களே கணக்கில் இல்லாமல் போகிறார்கள்.