சித்தி பெயரில் ஒரு சிலை

கில்பெக் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஷீலா சித்தியிடம் உண்மையை யார் சொல்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைப் பக்கம் இருக்கிறது ஹெரிஃபோர்டு நகரம். அங்கிருந்து காரில் இருபது நிமிடம் போனால் கில்பெக். ஊர் என்றால் கொஞ்சம் வீடுகள், ஒரு மதுக்கடை, இடிந்த கோட்டையின் மண்மேடு, அதன் அருகில் ஒரு சிறிய தேவாலயம். 1140 வாக்கில் கட்டியது. கோபுரம்கூடக் கிடையாது, மேற்குச் சுவரின் உச்சியில் மணி தொங்க ஒரு மாடம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் செம்மணற்கல்லில் சிற்பிகள் விளையாடியிருக்கிறார்கள். தெற்கு வாசலைச் சுற்றிக் கொடியும் பாம்பும் பறவையுமாகப் பின்னிக் கிடக்கின்றன. கூரை விளிம்புக்குக் கீழே, கட்டடத்தைச் சுற்றி 80-க்கும் மேற்பட்ட தாங்குகற்கள் தலையை நீட்டுகின்றன. பெரும்பாலானவற்றில் ஏதாவது ஓர் உருவம்.

நான் புதிதாக ஒரு நீள லென்ஸ் வாங்கியிருந்தேன். என்னோடு தங்க ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணிச் சரிபார்க்காமல் விடமாட்டார்.

"கோயில் என்றால் வலமாகத்தான் வரவேண்டும். வாசலில் ஆரம்பி. ஒவ்வொன்றாக எடு, நான் எண் போடுகிறேன்" என்று கையில் தாளோடு நின்றுவிட்டார். அவர் எண் போடும்போது வெயில் அடிக்கும். நான் குறி பார்த்ததும் மேகம் மூடும். வெயில் பட்டால் தேன் போல மின்னும் கல், மேகம் வந்தால் பழைய செங்கல்லாகிவிடும். காத்திருந்தால் தூறல்.

நாயும் முயலும் உள்ள கல்லைப் பார்த்தபோது மட்டும் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். தொங்கிய காதும் உருண்டைக் கண்ணுமாக நாய், பக்கத்திலேயே முயல். வேட்டையெல்லாம் முடிந்து, சமாதானமாகி, ஸ்டூடியோவுக்குப் போய் ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டது போல இருந்தது. அதை முழுதாகப் பிடிக்க லென்ஸில் கண் வைத்தபடியே பின்னால் நகர்ந்தவன், ஒரு கல்லறை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"யார் மேல் உட்கார்ந்திருக்கிறாய் என்று பெயரைப் படித்து மன்னிப்புக் கேள்" என்றார் பெரியப்பா. பாசி மூடியிருந்ததால் பொதுவாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன்.

சத்தம் கேட்டு, உள்ளே பூ அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி வெளியே வந்தார். அடி பட்டதா என்று விசாரித்துவிட்டு, "ஷீலாவைப் பார்த்தீர்களா?" என்று பூ வெட்டும் கத்தரியால் மேலே காட்டினார்.

பெரியப்பாவுக்கு ஷீலா என்றால் அவருடைய தம்பி மனைவி, என் சித்தி. மழைத்துளி விழுந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். நான் எடுத்த படத்தைக் கேமராவின் திரையில் வைக்கச் சொல்லி, அதைத் தன் செல்பேசியில் இன்னொரு படம் எடுத்தார். ஓரத்தில் அவர் கட்டைவிரலும் விழுந்தது. "900 வருடத் தேவாலயத்தில் நம் ஷீலாவுக்குச் சிலை!" என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். குழுவில் 43 பேர்.

மதுக்கடையில் தேநீர் குடிக்கும்போதுதான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிய மொட்டைத் தலை, முட்டைக் கண், கள்ளமில்லாத முகம். வெகுநேரம் பேச்சில்லை.

"இந்தக் கைகள் எங்கே இருக்கின்றன?"

"நீங்கள் பார்க்கிற இடத்தில்தான், பெரியப்பா."

தன் பெண்குறியை இரண்டு கைகளாலும் விரித்துக் காட்டும் இந்த உருவத்துக்கு ஷீலா-நா-கிக் என்று பெயர். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பழைய தேவாலயங்கள் பலவற்றில் உண்டு. காமத்தைக் கண்டிக்க வைத்தது என்பார்கள் சிலர், கெட்டதை விரட்ட வைத்தது என்பார்கள் வேறு சிலர். இதை நான் விளக்க விளக்கப் பெரியப்பாவின் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அனுப்பியதை அழிக்கலாம் என்று குழுவைத் திறந்தால், காலம் கடந்துவிட்டது. "குழந்தை கை கட்டிக்கொண்டு என்னமாய்ச் சிரிக்கிறது, திருஷ்டி சுற்றிப் போடுங்கள்" என்று அத்தை எழுதியிருந்தார். ஷீலா சித்தி அதையே தன் முகப்புப் படமாக வைத்துவிட்டிருந்தார்.

நேற்று சித்தியே தொலைபேசியில் அழைத்தார். பெரியப்பா ஊர் திரும்பும்போது அந்தப் படத்தைத் தெளிவாக, இரண்டடிக்கு மூன்றடியில் அச்சிட்டுக் கொடுத்தனுப்ப வேண்டுமாம். கூடத்தில் மாட்ட ஆணிகூட அடித்தாகிவிட்டது.

நாய்-முயல் படத்தை அச்சிட்டு, இதுதான் ஷீலா என்று கொடுத்துவிடலாம் என்பது பெரியப்பாவின் யோசனை. இரண்டில் நான் எது என்று சித்தி கேட்டால் என்ன சொல்வது என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறார்.