மைக் முன்னால் இரண்டு நிமிடம்

மேடையில் அமர்ந்திருந்தவர் அமெரிக்கா முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு மாணவர் சேவை அமைப்பின் தலைவர், தலை நரைத்தவர். கீழே மைக் முன்னால் நின்ற பையனுக்குப் பத்தொன்பது வயது இருந்தால் அதிகம். "தலைவர் அவர்களே, திருத்தத்துக்கு இன்னும் ஓட்டெடுக்கவில்லை. அதற்குள் மூலத் தீர்மானத்துக்குப் போகிறீர்கள். விதிப்படி இது சரியில்லை" என்றான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பையன் தொலைந்தான் என்று நினைத்தேன். தலைவர் பக்கத்திலிருந்த விதி ஆலோசகரிடம் ஏதோ கேட்டார். நிமிர்ந்து, "பிரதிநிதி சொல்வது சரி. முதலில் திருத்தம்" என்றார். பையன் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான். யாரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோவில்பட்டி பக்கம் நான் படித்த பொறியியல் கல்லூரியில் தாளாளர் வராந்தாவில் வருகிறார் என்றாலே பேச்சு நின்றுவிடும். வகுப்புப் பிரதிநிதி என்று ஒருத்தி உண்டு. மார்க்கைப் பார்த்துத் துறைத் தலைவரே நியமித்துவிடுவார். வருகைப் பதிவேட்டைச் சுமந்துகொண்டு போவதுதான் அவள் வேலை. நாலு வருடத்தில் கல்லூரிக்குள் ஒரு தேர்தலைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் பையனும் அந்தத் தலைவரும் என்னை அப்படி உலுக்கினார்கள்.

நான் போயிருந்தது ஆல்ஃபா ஃபை ஒமேகா என்ற சேவை ஃபிரடர்னிட்டியின், அதாவது கல்லூரி மாணவர் சங்கத்தின், தேசிய மாநாட்டுக்கு. பென்சில்வேனியாவில் ஈஸ்டன் நகரத்து லாஃபயட் கல்லூரியில் 1925 டிசம்பர் 16 அன்று ஃபிராங்க் ரீட் ஹார்ட்டன் என்ற மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. முதல் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர் அவர். சாரணர் இயக்கத்தின் கொள்கையைக் கல்லூரிக்குள் கொண்டுவர ஆசைப்பட்டார். இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் கிளை இருக்கிறது. ரத்ததான முகாம், உணவு வங்கி, பூங்கா சுத்தம் என்று நம் என்.எஸ்.எஸ். வேலைதான். முதுகலை படிக்க வந்த முதல் பருவத்திலேயே சேர்ந்துவிட்டேன்.

ஃபிரடர்னிட்டி என்று சொன்னதும் அம்மா பதறிவிட்டாள். "ஏட்டி, ராகிங் கும்பலா?" அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட செய்தியை நாள்தோறும் பேப்பரில் படித்த தலைமுறை அது. அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இங்கேயும் அந்தக் கொடுமை உண்டு. 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து ஃபிரடர்னிட்டி ஒன்றில் ஒரு மாணவர் இறந்தார். மறு வருடம் அந்த மாநிலம் சட்டத்தைக் கடுமையாக்கியது. மற்ற ஃபிரடர்னிட்டிகளுக்கு இருப்பதுபோல் எங்களுக்குத் தனி வீடு கிடையாது, குடிவிருந்து கிடையாது, எங்கள் கிளைத் தலைவரே ஒரு பெண் என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினேன்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் மாநாடு. அந்த நாட்களில் வளாகமே காலியாகிவிடும். சாப்பாட்டுக்கூடம் மூடியிருக்கும், பேருந்து ஓடாது. போக ஒரு வீடில்லாத எனக்கு அந்த மாநாடு பெரிய ஆறுதல். இந்த ஊர் பழகிவிட்டது, குளிரும் பழகிவிட்டது. ஆனால் அது மார்கழி. ஹோட்டல் அறையில் விடியுமுன் விழிப்பு வந்ததும் செண்பகவல்லி அம்மன் கோவில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கிற நேரம் என்றுதான் தோன்றியது. வாசலில் கோலம், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ, கோவிலில் கை சுடச்சுடத் தொன்னையில் பொங்கல். ஜன்னலைத் திறந்தால் கீழே வாகன நிறுத்துமிடமும் பனியும்.

குழுக் கூட்டத்துக்குக் கடலை மிட்டாய் கொண்டுபோயிருந்தேன். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ப் பெருமை அது. இங்கே கடலை என்றால் நீட்டுவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்: யாருக்காவது ஒவ்வாமை உண்டா? ஒரு பெண் கை தூக்கினாள். மேசையின் அடுத்த கோடிக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஐந்து நிமிடத்தில் காலி. டெக்சாஸ் பையன் ஒருவன் எங்கே வாங்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டான்.

ஒவ்வொரு தீர்மானமும் முதலில் இந்த மாதிரிக் குழுவில் அலசப்பட்டுத்தான் பொது அவைக்கு வருகிறது. பேசுவதற்கு, திருத்துவதற்கு, ஒத்திப்போடுவதற்கு எல்லாம் முறை இருக்கிறது. ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை விதிகள்தான் இந்த நாட்டில் பெரும்பாலான சங்கங்களுக்கு அடிப்படை. ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, அது கட்டுக்கடங்காமல் போன அனுபவம்தான் அவரை எழுத வைத்தது. யார் சத்தம் பெரிது என்பதற்கு அங்கே மதிப்பில்லை. கூச்சமுள்ளவளுக்கும் அதே இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடம் எனக்கும் கிடைத்தது. உறுப்பினர் சந்தாவை உயர்த்தும் தீர்மானம் வந்தபோது, வேண்டாம் என்று சொல்லச் சொல்லி எங்கள் கிளை என்னை அனுப்பியிருந்தது. மைக் முன்னால் வரிசையில் நின்றேன். மாணவர் விசாவில் வந்தவர்கள் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது, வளாகத்துக்கு வெளியே நினைத்தபடி வேலைக்குப் போகவும் முடியாது, இந்தப் பணம் எங்களுக்குப் பல நாள் சாப்பாடு என்று சொன்னேன். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது, நாங்கள் தோற்றோம். ஆதரித்துப் பேசிய பெண் என்னைத் தேடி வந்து, சந்தா கட்ட முடியாதவர்களுக்கு உதவ அவள் கிளையில் என்ன செய்கிறார்கள் என்று நெடுநேரம் விளக்கினாள். இந்த நாட்டின் எந்தத் தேர்தலிலும் எனக்கு ஓட்டில்லை. இங்கே மட்டும் என் ஓட்டு எண்ணப்பட்டது. பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பது என்று முடிவானதும் இதே போன்ற ஒரு மாநாட்டு அவையில்தான், 1976இல். அன்று கை தூக்கியவர்கள் போட்ட நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

இரவு தாத்தாவைக் கூப்பிட்டேன். மதுரையில் படித்தவர், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மற்ற மாணவர்களோடு தெருவில் இறங்கியவர். 1967இல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த சீனிவாசன் மாணவர் தலைவராக இருந்தவர் என்பதைச் சொல்லாமல் அவரால் தேர்தல் பற்றிப் பேச முடியாது. ஹோட்டல் எப்படி, பனி எவ்வளவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "எத்தனை ஓட்டுல தோத்த?" என்றார். சொன்னேன். "அப்ப யார் யாரைப் பார்த்துப் பேசாம விட்ட?" என்று அடுத்த கேள்வி. கல்லூரிச் சங்கத் தேர்தலுக்குச் சுவரில் காவி கரைத்து எழுதியது, தோற்றவனுக்கும் மாலை போட்டது என்று அவர் ஒரு மணி நேரம் பேசினார். அந்தக் கல்லூரிகளும் அந்த ஊர்களும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகளிடமிருந்து ஓட்டை மட்டும் ஏன் எடுத்துவிட்டோம்? அரசியல் வந்துவிடும், அடிதடி வந்துவிடும் என்கிறார்கள். பதினெட்டு வயதில் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கலாம், விடுதிச் சாப்பாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா? எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

அடுத்த மாநாட்டுக்குள் என் படிப்பு முடிந்துவிடும். போகப்போகிற இரண்டு பேருக்கு இப்போதே ஞாயிறுதோறும் விதிகளைச் சொல்லித் தருகிறேன். என் பழைய கல்லூரியின் என்.எஸ்.எஸ். அலுவலருக்கும் எழுதியிருக்கிறேன்: இந்த வருட ஏழு நாள் முகாமுக்கு எந்தக் கிராமம் என்பதை மாணவர்களே பேசி, ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும், கூட்டம் நடத்தும் முறையை வீடியோ அழைப்பில் நானே சொல்லித் தருகிறேன் என்று. முதல்வரிடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் போட்டிருக்கிறார். பொங்கல் விடுமுறை முடிந்ததும் மறுபடி கேட்பேன்.